கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?

1

போன செவ்வாய்க்கிழமை இங்கே இங்கிலாந்தில் எங்கள் வட்டார கிளினிக்கில் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பார்த்த நர்ஸ் சின்னப் பெண். என் மகள் ஷீலாவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே எதிரில் இருந்த தாளைப் பார்த்து, "அன்றாட வாழ்க்கையில் மன அழுத்தம் உண்டா, இல்லையா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பேனா 'இல்லை' கட்டத்துக்குப் போய்விட்டது.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே" என்றேன்.

"மன்னிக்க வேண்டும். உங்கள் நாட்டுப் பெண்கள் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். நீங்களெல்லாம் குடும்பமாக இருக்கிறீர்கள் அல்லவா?"

"அவர்களிடம் கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?"

அவள் யோசித்தாள். "கணவர் இருப்பார். இல்லாவிட்டால் மாமியார். அவர்கள்தானே மொழிபெயர்க்க வருகிறார்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் பாதரசம் தாறுமாறாக ஏறி இறங்க, அவள் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டும்படி ஆயிற்று. வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு போய்க் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். திருச்சியில் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். முக்கியமாக, பாலக்கரையிலும் ஸ்ரீரங்கத்திலும் எனக்குக் கதவைத் திறந்துவிட்ட பெண்கள் படிக்க வேண்டும். அவர்கள் கொடுத்தது என்ன ஆயிற்று என்று அவர்களில் ஒருவருக்குத்தான் தெரியும்.

2

என் பெயர் ஜெசிந்தா. பாலக்கரைக்காரி. திருச்சியிலேயே பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணம். கணவர் ஆரோக்கியசாமிக்கு இங்கிலாந்தில் ரயில்வே பட்டறையில் வேலை. வந்த இரண்டாம் மாதமே சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதற்குச் சமம் என்று எங்களுக்குத் தெரியாது" என்றாள். எதற்குச் சமம் என்று தெரியாததால் ஓர் ஆஸ்பத்திரி லேபில் கண்ணாடிக் குடுவை கழுவ அனுப்பினாள். நாலு வருஷம் கழுவினேன். கழுவிக்கொண்டே பக்கத்து மேஜையில் நடப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அந்த லேபுக்கு மேல் மாடியில் ஓர் ஆய்வுப் பிரிவு இருந்தது. அன்றாடக் கவலைகள் உடம்பை என்ன செய்கின்றன என்பதுதான் அவர்கள் கேள்வி. ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளை அல்ல, ஊரில் நடமாடும் சாதாரண ஜனங்களை அளந்தார்கள்: பஸ் கண்டக்டர், தையல்காரி, பள்ளிக்கூட ஆசிரியை. ஒருவரின் வீட்டுக்குப் போய் மூன்று முறை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். நீளமான கேள்வித்தாள் ஒன்றை நிரப்புவார்கள். பிறகு ஒரு பெரிய பிளாஸ்டிக் குடுவையைக் கொடுத்து, ஒரு பகல் ஓர் இரவு முழுவதும் போகிற சிறுநீரை அதில் சேர்க்கச் சொல்வார்கள். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி, மனிதன் பதறும்போதெல்லாம் சில சுரப்புகளை ரத்தத்தில் விடுகிறது. அவை கடைசியில் சிறுநீரில் வந்து சேருகின்றன. வாய் சொல்லாததை அந்தக் குடுவை சொல்லும்.

வெளிநாட்டுக்காரர் வீடுகளுக்குள் நுழைய ஒரு பெண் தேவைப்பட்டபோது என்னைக் களப்பணிக்கு எடுத்துக்கொண்டார் பிரிவின் தலைவர் டாக்டர் வின்ஃபீல்ட். கெட்டவர் இல்லை. என் டிகிரி எதற்குச் சமம் என்று கேட்காத முதல் ஆள் அவர்தான். பின்னால் அவரோடு சண்டை போடுவது கஷ்டமாக இருந்ததற்கு அதுவும் காரணம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். இங்குள்ள பெண்களையும், இயந்திர வாழ்க்கை இன்னும் எட்டாத தொலைதூர ஊர் ஒன்றின் பெண்களையும் ஒப்பிடப் போகிறோம், உன் ஊரையே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"எங்கள் ஊரில் பாய்லர் செய்கிறார்கள் டாக்டர். ரயில் என்ஜின் பழுது பார்க்கிறார்கள்" என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். திட்டம் மட்டும் மாறவில்லை.

3

மெட்ராஸ் விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரி என் அட்டைப் பெட்டிகளைத் திறந்து காலிக் குடுவைகளைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"ஒரு நாள் முழுக்க மூத்திரம் பிடிக்கிறதுக்குங்க."

"யாரோடது?"

"திருச்சிப் பொம்பளைங்களோடது."

அவர் பேனாவை மூடி வைத்தார். "இது ஏற்றுமதியா, இறக்குமதியா?"

"இப்ப இறக்குமதிங்க. மூணு மாசம் கழிச்சு ஒவ்வொரு குடுவையிலேருந்தும் ஒரு சின்னக் குப்பி ஏற்றுமதி."

மூன்று மணி நேரமும் பல கையெழுத்துகளும் ஆன பிறகு விட்டார்கள். போகும்போது அந்த அதிகாரியே வந்து, "இதுல பிரஷர் எதனால வருதுன்னு தெரிஞ்சுடுமா?" என்று தனியாகக் கேட்டார். எழுதிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கும் எழுதவில்லை.

கேள்வித்தாளைத் தமிழில் மாற்றியது ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நிலையம். அங்கே யாரோ அகராதியைப் பார்த்துச் செய்திருந்தார். ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது, மாற்றினால் இரண்டு ஊர்களையும் ஒப்பிட முடியாது என்று டாக்டர் வின்ஃபீல்ட் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். 'உங்களுக்கு அழுத்தம் இருப்பதாக உணர்கிறீர்களா?' என்பது முதல் கேள்வி. "பிரஷரா? இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க" என்றார்கள் பாதிப் பேர். நான் 'இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.

பாலக்கரையில் நான் போன நாலாவது வீடு புஷ்பம் என்ற பெண்ணுடையது. கணவர் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பதினேழாவது கேள்வி வந்தது. தாளில் இருந்தபடியே வாசித்தேன்: "நீங்கள் கயிற்றின் முனையில் இருப்பதாக எப்போதாவது உணர்ந்தது உண்டா?"

புஷ்பம் எழுந்து நின்றுவிட்டாள். "நான் நாண்டுக்கிட்டுச் சாகப் போறேன்னு யாருங்க உங்ககிட்ட சொன்னது? எதிர்வீட்டுக்காரியா?"

அவள் குரலுக்கு எதிர்வீட்டுக்காரி மட்டுமல்ல, சந்தில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இங்கிலீஷில் பொறுமை தீர்ந்துபோவதைச் சொல்கிற ஒரு வழக்கு அது; அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் கழுத்துக்குச் சுருக்கு மாட்டியிருந்தார்கள். சந்து முழுவதற்கும் நான் விளக்கம் சொல்லி முடிக்க அரைமணி ஆயிற்று. எல்லோரும் போன பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"புஷ்பம், இந்தத் தாளை விடு. நான் பாலக்கரைக்காரியா கேக்குறேன். இதுக்கு மேல தாங்க முடியாதுன்னு எப்பவாவது தோணுதா?"

அவள் என்னையே பார்த்தாள். "எப்பவாவதா? எப்ப தோணலைன்னு கேளுங்கக்கா."

பிறகு சொன்னாள். நான் எழுதினேன். தாளில் இடம் போதாமல் பின்பக்கம் போனேன். அன்று முதல் அச்சடித்த கேள்வியை ஒரு தடவை வாசிப்பேன். பிறகு நம் பேச்சில் ஒரு தடவை கேட்பேன். இரண்டு பதிலையும் எழுதுவேன். உத்தரவை மீறுகிறேன் என்று தெரிந்துதான் செய்தேன்.

4

ஸ்ரீரங்கத்தில் கிழக்குச் சித்திரை வீதியில் வேதவல்லி மாமியின் வீடு. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கணவர் அரசு அலுவலகத்தில் கிளார்க். கூடத்தில் பெஞ்சைப் போட்டு என்னை உட்கார வைத்தார். உள் அறையில் அவருடைய மாமியார். கதவு திறந்தே இருந்தது.

எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில். "இல்லை. பெருமாள் கிருபையிலே ஒரு குறையும் இல்லை." பட்டியலில் 'கிறிஸ்துமஸ் பண்டிகை உங்களுக்குச் சிரமம் தந்ததா?' என்றுகூட ஒரு கேள்வி இருந்தது. கத்தோலிக்கப் பெண்ணாகிய நான் சித்திரை வீதியில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். மாமி சிரிக்காமல் இல்லை என்றார்.

ரத்த அழுத்தம் பார்த்தேன். முதல் முறை சாதாரணம். இரண்டாம் முறை காற்றை இறக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வேதா, யாரு வந்திருக்கா? என்ன கேக்கறா?"

"ஒண்ணுமில்லேம்மா. ஆஸ்பத்திரிலேருந்து."

மாமியின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. குரலும் மாறவில்லை. என் கண் முன்னால் பாதரசம் மட்டும் மேலே போயிற்று, கொஞ்ச நஞ்சமல்ல. மூன்றாம் முறையும் இறங்கவில்லை. மூன்று எண்களையும் எழுதினேன். அவற்றுக்கு நடுவே ஒரு குரல் கேட்டது என்று எழுதத் தாளில் இடமில்லை. அதனால் ஓரத்தில் பென்சிலால் 'மாமியார் காதில் விழும் தூரம்' என்று எழுதினேன். அன்றிலிருந்து எல்லாத் தாளிலும், ஏற்கெனவே முடித்த தாள்களில் நினைவில் இருந்தவரையிலும், அப்போது யார் கூட இருந்தார்கள் என்று ஓரத்தில் குறித்துவந்தேன்.

குடுவையை அந்த வீட்டில் எங்கே வைப்பது என்று ஒரு பிரச்சினை. கொல்லைக் கோடியில், துளசியின் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து மாமியே இடம் சொன்னார். மறுநாள் காலை ஆள் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம், நானே கொண்டுவருகிறேன் என்றார்.

தெற்கு வாசல் கடைத்தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். சொன்னபடி வந்தார். துணிப்பையைக் கீழே வைத்தார். போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நேத்திக்கு ஆத்துல கேட்டேள். ஆத்துல என்ன சொல்லணுமோ அதைச் சொன்னேன்."

"இங்கே சொல்லணும்னா சொல்லுங்க மாமி."

அவருக்கு ஒரே பெண். அலமேலு. பம்பாயில் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே வேறு குடும்பம் இருந்தது. அது தெரிந்த வாரம் அலமேலு ஒரு பெட்டியோடு ரயிலேறி வந்துவிட்டாள். வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமியார் அவளை வாசலுக்கு விடவில்லை. பின்கட்டு அறையில் இருக்கிறாள். பம்பாயில் சௌக்கியமாக இருப்பதாகத் தெருவுக்குச் சொல்லியாகிறது. நான் கூடத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த முக்கால் மணியும் அந்தப் பெண் சுவருக்கு அந்தப் பக்கம் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாராவது வந்தா எனக்குக் காது பின்னாடியே இருக்கும். அவ தும்மிடக் கூடாதே, பாத்திரத்தைப் போட்டுடக் கூடாதேன்னு. தளிகை பண்ணும்போது, கோவிலுக்குப் போகும்போது, தூங்கும்போதுகூட. அதுக்கு உங்க ஃபாரத்துல என்ன பேர்?"

பேர் இல்லை. பட்டியலில் வீடு மாறுவது உண்டு, மேலதிகாரியோடு தகராறு உண்டு, விடுமுறைப் பயணம் உண்டு. பெற்ற பெண்ணை ஒளித்து வைத்திருப்பது இல்லை.

நான் பேனாவை எடுத்தேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதிக்காதீங்கோ. எங்க ஆத்துக்காரர் தலை குனிஞ்சுடுவார். சத்தியம் பண்ணுங்கோ."

பேனாவை மூடினேன். சத்தியம் செய்தேன். ஓரத்தில் 'இன்று தனியாக' என்று மட்டும் எழுதினேன்.

5

திரும்பி வந்து சில மாதங்களில் குப்பிகளின் முடிவுகள் வந்தன. டாக்டர் வின்ஃபீல்ட் ஓர் அறிக்கை எழுத ஆரம்பித்திருந்தார். பிரதியை என்னிடம் கொடுத்தார். கூட்டுக் குடும்பமும் சமய நம்பிக்கையும் அந்தப் பெண்களை அன்றாடக் கவலைகளிலிருந்து காப்பாற்றுகின்றன என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அழகான இங்கிலீஷ். படிக்கிறவருக்கு உடனே திருச்சிக்குக் குடிபோகத் தோன்றும்.

"குப்பிகள் அப்படிச் சொல்லவில்லையே டாக்டர்" என்றேன். வேதவல்லி மாமியைப் போல நிறையப் பேருக்கு வாய் 'இல்லை' என்றது. சுரப்புகளோ மேலே நின்றன.

"அவை கெட்டுப்போன மாதிரிகள். உங்கள் ஊரில் மின்வெட்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குப்பிகளை வைத்த ஐஸ் பெட்டி நின்றிருக்கும். அவற்றை ஒதுக்கிவிடலாம்."

நாலு வருஷம் குடுவை கழுவியவளுக்கு அந்த இடத்தில் பதில் தெரியும். "கெட்டுப்போனால் அந்தச் சுரப்புகள் சிதைந்து அளவு குறையும். அதிகமாகாது."

"ஒரு நாளைக்குப் பதில் இரண்டு நாள் சேர்த்திருப்பார்கள். படிக்காத பெண்கள்" என்றார்.

"அதிகம் சேர்த்திருந்தால் காட்டிக்கொடுக்க அதே சிறுநீரில் இன்னொரு பொருள் இருக்கிறது. அதையும் அளந்தீர்கள். அது சரியாகத்தான் இருக்கிறது. படித்தவர்களா இல்லையா என்பது கேள்வியே இல்லை. சொன்னபடி செய்திருக்கிறார்கள்."

"அப்படியானால் ஏன் கவலை இல்லை என்கிறார்கள்?"

எனக்கு ஒரு பெண்ணின் கதை தெரியும். அதைச் சொல்லியிருந்தால் அந்த அறையில் அப்போதே ஜெயித்திருப்பேன். சத்தியம் நாக்கைக் கட்டியது. "எனக்கு ஒரு வாரம் கொடுங்கள்" என்றேன்.

அந்த வாரம் முழுவதும் தாள்களின் ஓரத்தில் இருந்த பென்சில் குறிப்புகளைப் பிரித்து அடுக்கினேன். மாமியார் காதில் விழும் தூரம் ஒரு கட்டு. கணவர் அறையில் இருந்தது ஒரு கட்டு. தனியாக ஒரு கட்டு. அடுக்கி முடித்தபோது எண்ணிப் பார்க்கக்கூடத் தேவையிருக்கவில்லை. தனியாகப் பேசியவர்களின் தாள்கள் பின்பக்கம்வரை நிரம்பியிருந்தன. மற்றக் கட்டுகளில் 'இல்லை, இல்லை, இல்லை.' சுரப்புகளில் இந்தக் கட்டுக்கும் அந்தக் கட்டுக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. கவலை எல்லோருக்கும் இருந்தது. சொல்லும் இடம் சிலருக்குத்தான் கிடைத்தது.

6

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சமையல் மேஜையில் டைப்ரைட்டரை வைத்து, டாக்டருக்கு நான் எழுதியிருந்த பதிலை ஷீலாவை அடிக்கச் சொன்னேன். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுகிற வயது. தோழிகள் வீட்டுக்கு வந்தால் அம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று மட்டும்தான் சொல்லுவாள். என்ன வேலை என்பது வெளியே தெரியக்கூடாது.

முடிவில் நான் எழுதியிருந்தேன்: 'ஐ ஆம் நாட் அக்ரீயிங்.'

"மம்மி, இது தப்பு. யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. சிரிப்பாங்க" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, 'ஐ டூ நாட் அக்ரீ' என்று திருத்தி அடித்தாள்.

திருத்தியதைப் பார்த்தேன். இலக்கணப்படி அதுதான் சரி. அதில் என் குரல்தான் இல்லை. ஆனால் மகளோடு சண்டை போடத் தெம்பில்லை. சரி, அப்படியே இருக்கட்டும் என்று தேநீர் போடப் போனேன். அவள் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். கட்டுகளைப் பற்றிய பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"மம்மி, ஸ்கூல்ல டாக்டர் வந்து கேட்டப்ப டீச்சர் பக்கத்துலயே நின்னாங்க. யாராவது உன்னைத் தொந்தரவு பண்றாங்களான்னு கேட்டாங்க. நான் நோ சொன்னேன்." நீண்ட தமிழ் வாக்கியம். பல மாதங்களில் அதுதான் முதல்.

கெட்டிலை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யும் இரண்டு பெண்களைப் பற்றி அன்றுதான் எனக்குச் சொன்னாள். ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கேட்டவள், என் வீட்டில் கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை ஆசிரியையின் அறையில், வகுப்பு டீச்சரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பேச வேண்டியதைப் பேசினேன்.

ஷீலா கடைசிப் பக்கத்தை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் அடித்துக் கொடுத்தாள். 'ஐ ஆம் நாட் அக்ரீயிங்' என்று முடிந்திருந்தது.

7

டாக்டர் வின்ஃபீல்ட் அதை என் எதிரிலேயே படித்தார். பிறகு கேட்டார்: "இப்போது என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?"

"அந்த முதல் பக்க வாக்கியத்தை எடுங்கள். குப்பிகளைச் சேருங்கள். இனிமேல் போடும் எல்லாப் படிவத்திலும், கேட்கும்போது யார் கூட இருந்தார்கள் என்று ஒரு கட்டம் வையுங்கள். செய்யாவிட்டால் களப்பணியாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் தாள்கள் செல்லாது."

"கேள்விகளை நீங்களாக மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது தெரியுமல்லவா?"

"தெரியும். இரண்டு பதிலையும் எழுதியிருக்கிறேன். மறைத்தது ஒன்றும் இல்லை."

அந்த வருஷக் கடைசியில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. விதிகளை மீறியதற்காக என்று கடிதத்தில் இருந்தது. பழைய லேபுக்கே திரும்பினேன். இந்த முறை கழுவ அல்ல, அளக்க. அறிக்கை வெகுகாலம் கழித்து வந்தது. கூட்டுக் குடும்ப வாக்கியம் இல்லை. குப்பிகள் இருந்தன. பெண்கள் தந்த பதில்கள் உடன் இருந்தவர்களைப் பொறுத்து மாறின என்று நடுவில் ஒரு பத்தி இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. நான் அழவில்லை. அந்தப் பத்தியை ஆரோக்கியசாமிக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டு, அன்று பிரியாணி செய்தேன்.

போன வருஷம் லீவில் திருச்சி போனேன். புஷ்பம் குடும்பம் காட்டூர்ப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள், தேடியும் கிடைக்கவில்லை. சித்திரை வீதியில் வேதவல்லி மாமி இருந்தார். நரை கூடியிருந்தது. கூடத்தில் அதே பெஞ்சு. உள் அறையில் மாமியார் படுத்தபடியே இருந்தார். கதவு திறந்திருந்தது.

நான் மெதுவாக, அறிக்கையில் என்ன வந்தது என்று சொன்னேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்றேன்.

"ஏன் ரகசியமா பேசறேள்? சத்தமாவே சொல்லுங்கோ" என்றார் மாமி. "நீங்க போன அடுத்த வருஷமே இவருக்கு நெஞ்சு வலி வந்துடுத்து. ஆஸ்பத்திரிக்கு யார் கூட ஓடறது? அலமேலுதான் வாசல் வழியா வெளியில வந்து ஆட்டோ பிடிச்சா. தெருவே பார்த்தது. பார்த்தா பார்க்கட்டும்னு அன்னிக்கோட விட்டேன். இவர் பிழைச்சார். அவ மறுபடி பின்கட்டுக்குப் போகலை. போகச் சொன்னவாகிட்ட, அப்போ நானும் அங்கேயே போய் உக்காந்துக்கறேன், தளிகையை நீங்களே பாத்துக்கோங்கோன்னேன்."

உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. மாமி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இதை நான் எழுதலாமா மாமி?"

"எழுதுங்கோ. பேரை மாத்தாதீங்கோ."

அலமேலு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். வேலைக்குக் கிளம்புகிற நேரம். பஸ் ஸ்டாப் வரை என்னோடு வந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருமுனையில் கீரை பேரம் பேசிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அவளைக் கண்டு திரும்பினார். ரொம்ப நாள் கழித்துத் தெருவுக்கு வந்தவர் போலிருக்கிறது.

"அலமேலுவாடி? பம்பாயிலேருந்து எப்போ வந்தே? எப்போ திரும்பப் போறே?"

அலமேலு நடையை நிறுத்தினாள். ஓடிப் போகவில்லை, என் பின்னால் ஒதுங்கவும் இல்லை.

"திரும்பலை மாமி. அவரை விட்டுட்டு வந்துட்டேன். இங்கேதான் இருக்கேன்."

அந்த அம்மாள் கையில் கீரைக்கட்டோடு நின்றார். அலமேலு பதிலுக்குக் காத்திருந்தாள். "வரேன் மாமி, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.